பெரிய பெட்டி, சின்ன மிக்சி

மைக்கையும் தானே சரிபார்த்து, இந்தப் பழுதுபார்க்கும் திருவிழாவுக்குத் தலைமையும் தாங்கும் அண்ணன் மலையாண்டி அவர்களே, பரவைச் சந்தைத் திடலில் வெயிலைக் குடையாலும் என்னைப் பொறுமையாலும் தாங்கும் பெரியோர்களே, நாலாவது வரிசையில் என்னைப் பார்க்காமல் கரும்புச்சாறு வண்டியையே பார்க்கும் என் தங்கை முத்துமீனா உள்ளிட்ட தாய்மார்களே, வாய் நிறைய முறுக்கோடு வந்திருக்கும் மாப்பிள்ளைமார்களே, தவசியின் தலைதாழ்ந்த வணக்கம்.

ஏழு மாதமாக என் தங்கை என்னோடு பேசவில்லை. காரணம், இதோ மேஜைமீது அமர்ந்திருக்கும் இந்த மிக்சி.

அவள் மகள் திவ்யாவுக்குச் சடங்கு. தாய்மாமன் நான், சீர் சுமப்பவன் நான். கடைக்குப் போனேன். மோட்டாரைப் பார்த்தேனா? இல்லை. ஜாரைப் பார்த்தேனா? இல்லை. பெட்டியைப் பார்த்தேன். இருந்ததிலேயே பெரிய பெட்டியைத் தூக்கினேன். கொட்டுமேளத்தோடு தலையில் சுமந்து போகும்போது, பெட்டி பெரிதாகத் தெரிந்தால்தானே தாய்மாமன் பெரிதாகத் தெரிவான்? சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான் வாங்கினீர்கள்.

பெட்டியைப் பிரித்தோம், உள்ளே பெட்டி. அதையும் பிரித்தோம், உள்ளே தெர்மாகோல். தெர்மாகோல் என்றதும் வைகை அணை ஞாபகம் வந்து ஏனய்யா இன்னும் பலமாகச் சிரிக்கிறீர்கள், மதுரைக்காரர்களே? அதற்குள்ளே, பூனைக்குட்டி அளவில் மிக்சி. மூன்றாம் நாள், என் தங்கையின் நாத்தனார் இலை முன்னே உட்கார்ந்திருக்க, பாதிச் சட்னியில் நின்றுபோனது. "உங்கண்ணே பெட்டியத்தேன் சீரு செஞ்சாரோ?" என்றார் அந்த அம்மையார். அன்றைக்கு மூடிய வாய்தான் என் தங்கையின் வாய். எனக்கு வலித்தது ஐயா. கூடப்பிறந்தவள் ஒருத்திதான் எனக்கு.

வாரண்டி அட்டையா? அதைப் பெட்டியோடு கண்மாயில் எறிந்துவிட்டோம். சர்வீஸ் கடைக்காரர் சொன்னார்: "அண்ணே, இது திறக்குற மாடலே இல்ல. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க." பார்த்தால், எந்தத் திருப்புளியும் நுழையாத முக்கோணத் தலையோடு நாலு திருகாணி. புதையலா வைத்திருக்கிறார்கள் உள்ளே?

நம்மூர் மோட்டார் மெக்கானிக் சுருளி, சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை அரத்தால் ராவித் தானே ஒரு திருப்புளி செய்தார். திறந்தார். மோட்டார் நலம், செம்பு நலம், வயர் நலம். உடைந்தது சுண்டைக்காய் அளவு பிளாஸ்டிக் பல். "இம்புட்டுக்காண்டியா அம்புட்டையும் தூக்கிப் போடச் சொன்னாய்ங்க?" என்று கேட்டு, தேய்ந்த லாரி டயரில் ஒரு துண்டு வெட்டிப் பொருத்தினார்.

சுண்டைக்காய் உடைந்தால் மிக்சியை எறி, பித்தான் போனால் ஃபேனை எறி, கைப்பிடி கழன்றால் குக்கரை எறி என்றால், எங்கே எறிவது? கண்மாயில். அங்கே கொக்கு நிற்பது என் தெர்மாகோல்மேல் ஐயா. கடைப்பெயர்கூட இன்னும் அழியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே அன்பர்களே, வாங்குமுன் பெட்டி எம்புட்டு என்று கேட்காதீர்கள். இதைத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். திறக்க முடியாத எதையும் இனி இந்தத் தலை சுமக்காது.

இதோ, தேங்காய் போட்டாயிற்று, மிளகாய் போட்டாயிற்று, தண்ணீரும் ஊற்றியாயிற்று. சுருளி, சுவிட்சைப் போடுப்பா.

ஓடுகிறது பெரியோர்களே, ஓடுகிறது, சுருளியின் டயர் சுற்றுகிறது, பரவையின் பெருமை சுற்றுகிறது, நம் மானம்... ஐயையோ, தலைவர் சட்டை. அண்ணே, மன்னிக்கணும், தேங்காய்தான், துடைத்தால் போய்விடும். யாரது கத்துவது? நாலாவது வரிசையா? "மூடிய அமுத்திப் பிடிண்ணே, கூறு இருக்கா ஒனக்கு" என்றா சொன்னாய்?

கேட்டீர்களா சபையோரே? ஏழு மாதம் கழித்து என் தங்கை என்னோடு பேசிவிட்டாள். இதற்குமேல் நான் பேசுவானேன்? மிச்சமிருக்கும் சட்னிக்கு இட்லி ஏற்பாடாகியிருக்கிறது, இலையோடு வாருங்கள். தலைவருக்கும் அவர் சட்டைக்கும், சுருளிக்கும், சகித்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

மீனா, மூடியப் பிடிச்சிட்டேன் தாயி. என்னைய இன்னும் ரெண்டு வார்த்த வையி.