கல்லாங்கில் மிதந்த கட்டை

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பஸ் ஏறிய இரண்டு முதியவர்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் கல்லாங் பாலத்தை நெருங்கியபோது ஜன்னலோரத்துக்காரர் சொன்னார்:

"தண்ணியில எறங்குற பிளேன் வர்றதுக்கு முன்னாடி தண்ணியக் கூட்டி வைக்கணும், அதான அப்ப என் வேலை."

நான் பேப்பரை மடித்தேன்.

"அன்னைக்கும் லாஞ்சுப் படகுல ரெண்டு சுத்து சுத்திக் கட்டை, குப்பையெல்லாம் அள்ளிட்டுத்தான் கரைக்கு வந்தேன், கிராணி. ஆனா பிளேன் ஒரு கட்டையில மோதி அதோட அடி மிதவை கிழிஞ்சிருச்சு. நான் சரியாப் பாக்கலன்னு வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க."

கிராணி, அதாவது அந்த நாள் ஆபீஸ் கிளார்க், பேச்சில் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீர் கரைக்கு வந்த பிறகுதான் அந்தக் கட்டை மிதந்து வந்தது. நான் படகுத் துறையில நிண்டு கண்டனான்."

"பாத்தீங்களா?"

"சிவப்புக் கொடி என்ரை கையிலதான் இருந்தது. பிளேனுக்குள்ள பெரிய துரை. இறங்க விடாமல் திருப்பினால் ஏசுவார் எண்டு பயந்து கொடியைத் தூக்கேல்லை."

 பாலம் முடிந்ததும் ஜன்னலோரத்துக்காரர் எழுந்து மணியை அழுத்தினார்.

"நாப்பது வருஷமா என் கண்ணையே நான் நம்பல, கிராணி. இன்னைக்கு இந்த பஸ் நம்பரக்கூட உங்களக் கேட்டுத்தான் ஏறுனேன்."