லெம் பாக்ஸ்லியின் கடைசி வார்த்தைகள்

படகு இரண்டாவது முறையும் ஊதிவிட்டது. லெம் பாக்ஸ்லி இன்னும் சாகவில்லை. நான் என்ன செய்ய, மேஜர் ஐயா? ஆறு உறையும் நேரம். போருக்கு நடுவிலும் எதிரிப் பக்கத்துக்குக் கடிதம் கொண்டுபோகும் வெள்ளைக் கொடிப் படகு இனி எப்போது தெற்கே போகுமோ தெரியாது. அவன் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ஒருவர் காபி குடித்து முடிக்கலாம். எனவே அவன் இறந்த செய்தியை அவன் தாய்க்கு எழுதி முடித்தேன். நெற்றிப் பக்கம் ஒரு கொத்து முடியை வெட்டிக் கடிதத்துக்குள் வைத்தேன். படகுத்துறைக்கு ஓடினேன்.

சிறை முகாம் மருத்துவமனையில் எனக்கு எழுத்தர் வேலை. தெற்கே கரோலினாவிலிருந்து போரில் பிடிபட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. மகன் எப்படிச் செத்தான் என்று தாய் கேட்பாள். வயிற்றுப்போக்கில் என்று எழுத முடியுமா? விடியற்காலையில், எதிரிகளை மன்னித்து, துதிப்பாட்டின் முதல் அடியைப் பாடி, 'அம்மா, மேலே சந்திப்போம்' என்று சொல்லிக் கண் மூடினான். இப்படித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் கொஞ்சம் நன்றாக எழுதுவேன். லெம்முக்கும் அப்படியே எழுதியிருந்தேன்.

மறுநாளே காய்ச்சல் விட்டுவிட்டது. லெம் எழுந்து உட்கார்ந்து சோளக்கூழ் கேட்டான். தலையைத் தடவிப் பார்த்தான்.

"எவன்யா என் முடிய வெட்டுனது?"

"எலியா இருக்கும்டா," என்றான் பக்கத்துக் கட்டில் ஜூபல். "உன்கிட்ட கடிக்க வேற என்ன இருக்கு?"

நானும்தான் சிரித்தேன். பிறகு லெம் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினேன். "ஆத்தா, நான் பொழச்சுக்கிட்டேன். கோவேறு கழுதைய வித்துறாத. இங்க கூழ்ல உப்பே இல்ல." இதுதான் அவன் நடை.

பனி உருகிப் படகு வந்தபோது அவன் தாயின் பதில் வந்தது. என் கடிதத்தைப் போதகர் சபையில் படித்தாராம். ஊரே அழுததாம். லெம்மின் குடிகாரத் தம்பி மனம் திரும்பி ஞானஸ்நானம் பெற்றானாம். இளவயதிலிருந்து எழுதுகிறேன், எந்தப் பத்திரிகையும் எனக்கு இப்படிப் பதில் போட்டதில்லை.

கழுதைக் கடிதம் அடுப்புக்குப் போனது.

ஆனால் அதே படகில் நோயாளிக் கைதிகளை ஊருக்கு அனுப்பும் உத்தரவும் வந்திருந்தது. காலையில் லெம்மும் புறப்படுகிறான். யோசித்துப் பாருங்கள். அவன் வாசலில் போய் நின்றால் தம்பி மறுபடி குடிப்பான். போதகர் தலைகுனிவார். அந்தத் தாய் வாழ்நாளில் கேட்ட ஒரே அழகான கடிதம் பொய்யாகிவிடும்.

விடியற்காலையில் அவனை எழுப்பினேன். ஊருக்குப் போகிறவர்கள் எதிரிகளை மன்னித்துவிட்டுப் போவது இங்கே வழக்கம் என்றேன்.

"உங்களையா? நீங்க நல்லவருங்க. உப்புப் போடாத சமையக்காரன வேணா மன்னிக்கிறேன்."

போதும் என்றேன். துதிப்பாட்டின் முதல் அடியைப் பாடச் சொன்னேன். குரல் மோசமில்லை. கடைசியாக, நான் சொல்லிக்கொடுத்தபடி, "அம்மா, மேலே சந்திப்போம்" என்றான்.

"மேல எதுக்குங்க? வீட்டுலயே பாத்துக்குறோமே," என்று சிரித்துக்கொண்டே, வழிக்கு மருந்து என்று நான் நீட்டிய கோப்பையை வாங்கிக் குடித்தான்.

அதில் அபினிச் சாறு எவ்வளவு இருந்தது என்று டாக்டர் சரியாகவே சொல்லியிருக்கிறார். குற்றப்பத்திரிகையில் கொலை என்று எழுதியிருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குக் கீழே 'பொய்க் கடிதம் அனுப்பியது' என்று இன்னொரு குற்றம் இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேஜர் ஐயா. அந்தக் கடிதத்தில் இப்போது ஒரு சொல்கூடப் பொய் இல்லை.