போலந்து கேப்டனுக்கு வைத்த லப்பெ

பர்மாவில் கியாக்தானிலிருந்து சூலே போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த கப்பல் சமையற்காரர், பக்கத்துப் பெண்ணிடம் திடீரென்று சொன்னார் (இருவரும் பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் ‘மா’, ‘கோ’ என்று மரியாதை சேர்த்தே பேசினார்கள்):

“மா வள்ளி, போலந்துக்காரங்க டீயை டீன்னு சொல்றதில்ல. ஹெர்பாத்தாங்கிறாங்க.”

“இத்தனை நாள் கப்பல்ல போய் இதைத்தான் கத்துக்கிட்டீங்களா, கோ செல்வம்?”

“கேளுங்க. ‘ஹெர்பா’ன்னா லத்தீன்ல பச்சிலையாம், ‘தா’ன்னா டீயாம். எங்க போலந்து கேப்டன் சொன்னாரு. பர்மாவுலயும் டீக்கு ‘லப்பெ யே’ன்னுதானே பேரு, லப்பென்னா தேயிலை, யேன்னா தண்ணி? அதனால ஹெர்பாத்தா கேட்டவருக்கு ஊறவச்ச லப்பெ இலையையே பூண்டு, எண்ணெய், வேர்க்கடலை போட்டுப் பிசைஞ்சு வச்சேன்.”

“ஐயோ! குடிக்கக் கேட்டவருக்கா?”

“தட்டை வழிச்சுத் தின்னாரு! அப்புறம் தூக்கம் வராம விடிய விடியப் பாட்டு!”

இருவரும் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

“உங்க ஊர்ல இதை எப்பக் கொடுப்பாங்கன்னு கேட்டாரு. கல்யாணத்துக்கு அழைக்கிறப்பன்னேன். யாருக்குக் கல்யாணம்னாரு.”

“என்ன சொன்னீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

“நல்லாருக்கு! கேப்டனுக்கு அழைப்பு வச்சாச்சு. எங்க அப்பாவுக்கு எப்ப வைக்கிறதா உத்தேசம்?”