அலமாரியின் பின்பலகை

பழைய கதவு வாங்குகிறவர்கள் முதல் காரியமாக அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். அது தப்பு, ஐயா. ஐம்பது வருஷம் காய்ந்த மரம் தண்ணீரைக் குடித்தால் பத்தே நாளில் முறுக்கிக்கொள்ளும். காய்ந்த துணியால் துடைத்து ஒரு வாரம் நிழலில் சாத்தி வைத்தால் போதும். நடந்ததை உன் கையாலேயே எழுது என்று காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எனக்கு எதையும் தொழிலிலிருந்துதான் தொடங்க வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் ஆத்மநாதன். திருக்கோகர்ணத்தில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். புது மரத்தில் வேலை செய்வதில்லை. சமஸ்தானம் போன இந்த ஒன்பது வருஷத்தில் பெரிய வீடுகள் எத்தனையோ பிரிபட்டுவிட்டன. அங்கே கழற்றுகிற கதவுகளை வாங்கி வந்து அலமாரியும் துணிப்பெட்டியும் செய்கிறேன். கதவின் வெளிப்பக்கம் வெயிலிலும் மழையிலும் வெளுத்திருக்கும், அறைப்பக்கம் எண்ணெய் தேய்த்ததுபோல் இருக்கும். அதனால் அறைப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பித்தான் அலமாரிக்கு மாட்டுவேன். அப்படித் திருப்பும்போது, அறைக்குள் இருப்பவர்கள் தங்கள் காவலுக்குப் போட்டுக்கொள்கிற தாழ்ப்பாள் வெளியே வந்துவிடும். அலமாரிக்கு அதுதானே வசதி.

ராயவரம் பக்கம் ஒரு செட்டியார் வீடு பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர்கள் மலேயாவில், ஈப்போவில் இருந்தார்கள். காவலுக்குத் திருப்பதி என்று ஒருவன் இருந்தான். கறையான் ஏறியிருக்கிறது, பழுது பார்த்துத் தருகிறேன் என்று அவனிடம் சொல்லி ஒவ்வொரு கதவாகக் கழற்றி வந்தேன். இரண்டு வருஷத்தில் பதினான்கு கதவு. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஒரு கதவும் திரும்பிப் போகாது என்று. ஆனாலும் திருடுகிறோம் என்று நான் நினைத்ததில்லை. கறையான் தின்ன இருந்ததைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

பயம் மட்டும் இருந்தது. அதை மறைக்கவில்லை. என் அப்பாவும் ஆசாரிதான். ஒரு வக்கீல் வீட்டில் வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனதற்கு அவரைப் பிடித்துக்கொண்டு போய் ஆறு மாதம் உள்ளே வைத்தார்கள். அவர் எடுக்கவில்லை. ஆனால் வெளியே வந்த பிறகு யாரும் அவரை வீட்டுக்குள் விடவில்லை. ஆசாரி என்பவன் அடுக்களை, படுக்கையறை வரை போய் வேலை பார்க்கிறவன். அவனை வாசலோடு நிறுத்திவிட்டால் பிழைப்பு போயிற்று. அப்பா ஏழு வருஷம் உளியைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுச் செத்தார். போலீஸ் சைக்கிள் தெருவில் வந்தாலே பட்டறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். நாமும் அப்படி உட்கார்ந்துவிடுவோமோ என்ற ஒரே பயம்தான்.

சென்ற மாசியில் கோட்டைப்பட்டினம் ஷேக் பரீது பாய் ஒரு அலமாரிக்குச் சொன்னார். கருவாட்டு வியாபாரம் பண்ணுகிறவர். மகள் ஹமீதா பானுவுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். உப்புக்காற்றில் பட்டுத்துணி பாழாகிறது, துளி காற்றுகூட உள்ளே போகக் கூடாது என்று கேட்டார். நான் இணைப்புகளில் பஞ்சும் மெழுகும் சேர்த்து அடைத்தேன், கதவு பொருந்தும் விளிம்பெல்லாம் கம்பளித்துணி ஒட்டினேன். முன்பக்கம் இரண்டு கதவு. இரும்புத் தாழ், சாத்தினால் தானே விழுந்து மாட்டிக்கொள்கிற ரகம். பின்பக்கத்துக்கு அந்தச் செட்டியார் வீட்டு உள்ளறைக் கதவு ஒன்றை முழுசாக வைத்தேன். இரண்டரை அடி அகலம், ஒரே பலகை. அப்படிப் பலகை இனி கிடைக்காது.

அந்தப் பலகையை மட்டும் என் வழக்கத்துக்கு மாறாக, அறைப்பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்தேன். அதில் கத்தியால் கீறிய ஆறு கோடுகள் இருந்தன. குழந்தையை நிறுத்தி வைத்து வருஷா வருஷம் உயரம் பார்த்துக் கீறியவை. ஆழமாகக் கீறியிருந்தார்கள். இழைத்து எடுத்தால் பலகை மெலிந்துவிடும். துணி அடுக்கினால் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அலமாரியைக் கொண்டுபோகிற அன்று காலை பத்தரை மணிக்கு லாரி வருவதாக ஏற்பாடு. கருவாடு இறக்கிவிட்டுச் சும்மா திரும்புகிற லாரி. உள்தட்டுகளை நான் தனியாகக் கட்டித்தான் கொண்டுபோவேன், வாங்குகிறவர் வீட்டில் வைத்துத்தான் மாட்டுவேன். மாட்டிக் கொண்டுபோனால் ரோட்டுக் குலுக்கலில் இணைப்பு விட்டுவிடும். ஆகவே அலமாரி உள்ளே காலியாக இருந்தது. ஒன்பது மணிக்கு ஒரு அம்மாள் தனியாகப் பட்டறைக்குள் வந்தார்கள். வெள்ளைப் புடவை, காலில் ரப்பர் செருப்பு.

"ஆத்மநாதன் ஆசாரி நீதானா? நான் ராயவரத்து அழகம்மை. திருப்பதி சொல்லித்தான் வாரேன்."

அந்த வீட்டு ஆச்சி.  கையில் இருந்த உளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர்கள் கோபப்படவில்லை, ஐயா. அதை எழுதத்தான் வேண்டும். புருஷனும் ஈப்போவில் இறந்துவிட்டாராம். வீட்டை விற்கத்தான் வந்தார்களாம்.

"மத்தக் கதவையெல்லாம் நீயே வச்சுக்க. எம்மக விசாலம் ரூம்புக் கதவு ஒண்ணு இருந்துச்சு, கோடு போட்டது. அத மட்டும் குடுத்துரு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

விசாலம் ஏழு வயதில் காய்ச்சலில் போன பெண். அவள் இறந்த அந்த வருஷமே வீட்டைப் பூட்டிக்கொண்டு கப்பலேறினார்களாம். எனக்கு அப்போது இதெல்லாம் காதில் சரியாக விழவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றால், சொல்லலாம் என்ற நினைப்பு வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு யாரிடமாவது பேச்சுவாக்கில் சொல்வார்கள். என் அப்பா பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சுவர்தான் கண் முன்னால் நின்றது. நான் அலமாரியைத் திறந்து காட்டினேன். ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, பலகையில் கையை வைத்துக் கோடுகளைத் தடவினார்கள். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே வந்தார்கள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் கதவைச் சாத்தினேன். தாழ் தானாக விழுந்தது. நான் கதவை மட்டும்தான் சாத்தினேன் என்று மூன்று நாளாக ஸ்டேஷனில் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யில்லை. அதற்குப் பிறகு பூட்டை எடுத்து மாட்டியது நான்.

ஆச்சி முதலில் ஏதோ தற்செயலாகக் கதவு சாத்திக்கொண்டது என்று நினைத்துக் கூப்பிட்டார்கள். பிறகு பலமாகத் தட்டினார்கள். நான் ஒரு பலகையை எடுத்து வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் தட்டுகிற சத்தம் கேட்டால் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? கை நடுங்கியதில் இரண்டு ஆணி கோணிவிட்டது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பயம் தாங்கவில்லை. கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசினேன்.

"ஆச்சி, சத்தம் போடாதீங்க. லாரிக்காரன் வர்ற நேரம். ஆளுக பாத்தா எனக்கு மானம் போயிரும். அலமாரியப் பின்னால அங்கிட்டு நகத்தச் சொல்லிட்டு, அவன் போனதும் தொறந்துவிடுறேன். கதவையும் கழட்டித் தர்றேன்."

உள்ளே தட்டுவது நின்றது. பிறகு, "சரி ஆசாரி. பயப்படாத, நான் பேசல. உள்ள புழுக்கமா இருக்கு, வெரசா வா" என்றார்கள்.

லாரி வருகிற வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் திறந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். திறந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே, ஐயா. செருப்பை எடுத்து மரத்தூள் மூட்டைக்குள் வைத்தேன். தட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டினேன். டிரைவர் அபுபக்கரும் மூன்று கூலியாட்களும் வந்து தூக்கும்போது ஆச்சி மூச்சுக்கூடக் காட்டவில்லை. என் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நல்ல மனுஷி.

"என்ன ஆசாரி, கல்லு வச்சு அடச்சிருக்கியா?" என்று அபுபக்கர் கேலி பண்ணினார்.

"பர்மாத் தேக்கு பாய். கனக்கத்தான் செய்யும்" என்றேன்.

முன்னால் வந்து உட்காரச் சொன்னார். அலமாரியில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டேன். நிமிர்த்தி நிறுத்திக் கயிற்றால் கட்டியிருந்தது. பின்பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வண்டி கிளம்பின பிறகுதான் ஆச்சிக்குப் புரிந்திருக்க வேண்டும். இஞ்சின் இரைச்சலில் குரல் கேட்கவில்லை. தட்டுவது மட்டும் என் முதுகில் தெரிந்தது. முதலில் என் தலைக்கு மேலே தட்டினார்கள், நின்றுகொண்டு தட்டியிருப்பார்கள். ஆலங்குடி தாண்டும்போது பிடரி உயரத்துக்கு வந்தது. அறந்தாங்கி வரும்போது இடுப்புக்குக் கிட்டே, மெதுவாக.  சாமி பெயரெல்லாம் சொன்னேன். நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம். நகர்ந்தால் சத்தம் வெளியே கேட்குமோ என்று முதுகை எடுக்கவே இல்லை.

கோட்டைப்பட்டினம் போய்ச் சேர மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. பாய் வீட்டில் உள்ளறைச் சுவரோரமாக நிறுத்தினோம். பாலிஷ் காயவில்லை, வெள்ளிக்கிழமை வந்து தட்டு மாட்டுகிறேன், அதுவரை திறக்க வேண்டாம் என்று சொல்லிச் சாவியை மடியில் முடிந்துகொண்டேன். பாய் மனைவி ஜொஹரா பீவி எனக்குச் சோறு போட்டார்கள். நான் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கல்யாணப் பெண் ஹமீதா பானு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது.

"ஆசாரியாரே, அலமாரிக்குள்ள என்னமோ தட்டுற மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். எனக்கும் கேட்டது. நகத்தால் சுரண்டுவதைவிடக் கொஞ்சம் பலமாக, அவ்வளவுதான்.

"அது ஒண்ணுமில்லம்மா. பழைய மரம், கடக்காத்து பட்டா அப்படித்தான் சடசடங்கும். ரெண்டு நாளக்கி இருக்கும், அப்புறம் அடங்கிரும். பயப்படாதீங்க" என்றேன்.

அந்தப் பெண் நம்பியது. நான் நல்லபடியாகச் சொன்னதால் சிரித்துக்கொண்டே உள்ளே போனது. சாப்பிட்டு முடித்துக் கையலம்பிவிட்டு பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாற்றம் தாங்காமல் அவர்களே பூட்டை உடைத்தார்கள். அந்தப் பெண்ணின் நிக்காஹ் நின்றுபோனதாகச் சொன்னீர்கள். அதற்கு மட்டும் என்னை மன்னிக்கச் சொல்லி எழுத முடியுமானால் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்றை விட்டுவிட்டேன். எழுதாமலே போயிருப்பேன். ஆச்சி சாயங்காலம் வரை உயிரோடிருந்தார்கள் என்று டாக்டர் சொன்னதாக நேற்று நீங்கள் சொன்னீர்கள். கொஞ்சம் காற்றுப் போயிருந்தால் பிழைத்திருப்பார்களாம்.

அறந்தாங்கியில் அபுபக்கர் டீ குடிக்க லாரியை நிறுத்தினார். கூலியாட்களும் இறங்கிப் போய்விட்டார்கள். இஞ்சின் நின்றிருந்தது. நான் மட்டும்தான் இருந்தேன். என் பையில் துளை போடுகிற துரப்பணம் இருந்தது. எடுத்தேன். பின்பலகையில், சுவர்ப்பக்கம் போகிற இடத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் முனையை வைத்தேன். நாலு சுற்றுச் சுற்றினால் துளை விழுந்துவிடும். உள்ளே இருந்து, "ஆசாரி" என்று மெல்லிசாக ஒரு குரல் கேட்டது. திட்டவில்லை. நான் வந்துவிட்டேன் என்று நினைத்துக் கூப்பிட்டார்கள். துளை போட்டால் காற்று உள்ளே போகும். குரலும் வெளியே வரும். அதை யோசித்துப் பார்த்தேன், நிதானமாகவே யோசித்தேன். யோசித்துவிட்டுத் துரப்பணத்தைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

பயத்தில் செய்தேன், பயத்தில் செய்தேன் என்று இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். அந்த நிமிஷத்தில் எனக்குக் கை நடுங்கவில்லை, ஐயா. பயமே இல்லை.