வீடூரில் பிறக்காத பூச்சி

ஓடும் தண்ணீரில் பிறந்த ஒரு பூச்சியைத் தேங்கிய தண்ணீரில் பிறந்ததாக உலகத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இதுதான் நடந்த அநியாயம். இதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தேன்.

இப்போது வணக்கம். தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஆசிரியப் பெருந்தகை தேவநாதன் அவர்களே, புதிய பூச்சி இனத்தை அறிவித்து இன்று இந்தத் திண்டிவனத்தில் பொன்னாடை பெற்ற ஆராய்ச்சியாளர் பிரபாவதி அம்மையார் அவர்களே, செஞ்சியிலிருந்தும் மயிலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, மின்விசிறிக்கு நேராக இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் என் நண்பன் தாண்டவராயனே, அனைவருக்கும் மோட்டார் காயில் கட்டும் நடராசனின் வணக்கம்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்துகிறேன். ஆனால் வாழ்த்தியதோடு உட்கார்ந்துவிடும் வழக்கம் எனக்கில்லை. பள்ளிக்கூடம் என்னை ஆறாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. மிச்சத்தை மோட்டாரிடமும் மீனிடமும் கற்றேன். இரண்டும் முகஸ்துதி கேட்பதில்லை.

எப்படிப்பட்ட பூச்சி அது? அம்மையார் திரையில் காட்டினாரே, தேன் நிறச் சிறகு, சிறகெங்கும் மஞ்சள் பொட்டு, கண்ணுக்குப் பின்னால் கன்னங்கறுத்த பட்டை. டாப்சன் பூச்சிக் குடும்பத்தில் அந்தப் பட்டை வேறு எதற்கும் இல்லை. அதனால் இது புதிய இனம். ஆணுக்கு அரிவாள் போல் நீண்ட தாடை. பார்த்தால் பயம், கடித்தால் வலி இல்லை. பெண்ணுக்குக் குட்டைத் தாடை. கடித்தால் ரத்தம் வரும். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். நான் பூச்சியைத்தான் சொன்னேன்.

சிறகு முளைத்தபின் அதற்குச் சில நாள் வாழ்வுதான். அந்தக் கோலத்தைத் தூண்டில் போடும் நாங்கள் கவனித்ததே இல்லை. நாங்கள் அறிந்தது அதன் பிள்ளைப் பருவம். ஓடுகிற தண்ணீரில் கல்லைப் புரட்டினால், இரண்டு பக்கமும் காலும் மயிருமாக நெளியுமே, அதைக் கல்லுப்பூரான் என்போம். தூண்டிலில் அதைக் கோத்துப் போட்டால் கெளுத்தி வரும், விரால் வரும், வராத மீனும் வரும்.

அந்த நாள் எங்கே போயிற்று? ஒரே சைக்கிள். மிதிப்பவன் நான், பின்னால் தாண்டவராயன். அவன் மடியில் பால்பவுடர் டப்பா, மூடியில் ஆணியால் அடித்த ஓட்டை, உள்ளே நனைத்த பூவரச இலை, இலைக்குள் கல்லுப்பூரான். மலையடிவாரத்திலிருந்து வீடூர் அணை வரை இரண்டு பக்கமும் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை. பம்புசெட்டைக் கண்டால் போதும், பின்னாலிருந்து குரல் வரும்.

"டேய், நிறுத்துடா. இல காஞ்சிகினு வருது."

"உன் பொண்டாட்டிய என்னிக்காவது இப்பிடிப் பாத்துகினியாடா?"

"அவ என்னா டப்பாவுலயாடா இருக்கிறா?"

அஞ்சம்மாள் இதோ தாய்மார்கள் பக்கம் இருக்கிறார். முறைக்காதே தங்கச்சி, சொன்னவன் உன் புருஷன். அந்தச் சைக்கிளில் குடித்த காற்றை எந்தக் காரிலும் நான் குடித்ததில்லை.

தூண்டில்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மீன் பிடித்த இடத்தைக் கேட்டால் சொல்வோம். மீனையும் பங்கு தருவோம். இரை எடுத்த இடத்தைக் கேட்டால் மட்டும், நிற்கிற இடத்தையே காட்டி, "தோ, இங்கதான்" என்போம். கேட்பவனும் தூண்டில்காரன் என்பதால் புரிந்துகொள்வான், மறுபடி கேட்க மாட்டான். எங்களுக்குள் அது பொய் அல்ல, மரியாதையான மறுப்பு. இரண்டு பேர் சேர்ந்து கண்ட இடத்தை ஒருவன் மட்டும் வெளியே சொல்லக் கூடாது என்பதும் வழக்கம்தான்.

எனக்குக் கண் ஆபரேஷன் நடந்த சமயம். வீடூர்க் கரையில் தாண்டவராயன் தனியாக உட்கார்ந்திருக்க, பிரபாவதி அம்மையார் வந்து டப்பாவை எட்டிப் பார்த்திருக்கிறார். "ஐயா, இத எங்க புடிச்சீங்க?" தூண்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல் இவன் சொன்னான்: "தோ, இங்கதாம்மா, இந்தக் கல்லாண்ட." அம்மையார் தூண்டில்காரரா? இல்லை. நம்பினார். டப்பாவில் இருந்ததை வாங்கிப் போய் வளர்த்தார். சிறகு முளைத்தது. பூச்சியின் ஊர் வீடூர் அணை என்று பதிவாயிற்று.

ஊர் மாறினால் என்ன என்று கேட்பீர்கள். அது உண்மையில் பிறந்த ஓடையில் என்ன நடக்கிறது தெரியுமா? ஓடையின் கல்லையெல்லாம் அள்ளிவிட்டு அடியில் சிமெண்ட் பூசப் போகிறார்கள். கல் போனால் எதன் அடியில் வாழும் அது? போய்க் கேட்டேன். வேலை பார்ப்பவர் சிரித்தார். "பெரியவரே, அது வீடூர்ப் பூச்சின்னு எழுதியே வெச்சிக்கிறாங்க. இங்க வந்து பேஜாரு பண்ணாதீங்க." அம்மையாரிடம் போனேன். "இடத்தக் காட்டுங்க ஐயா. அங்க என் கையால ஒண்ணு எடுத்தா, நானே திருத்தி எழுதுறேன்" என்றார். நியாயம்.

தாண்டவராயனிடம் போனேன். "வாடா, ரெண்டு பேருமாப் போயி சொல்லிடலாம்."

"சொன்னா நாளைக்கே அம்பது டப்பா வந்து நிக்கும்டா. சிமெண்டு கொல்றத நம்மாளுங்களே கொன்னுடுவானுங்க."

அவன் பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் தாண்டவராயா, கல்லே இல்லாத ஓடைக்கு ரகசியம் எதற்கு? பூச்சியே இல்லாத மடுவுக்குக் காவல் எதற்கு? யாருக்காக இந்த வாயை நாம் மூடி வைத்திருக்கிறோம்? உன்னிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். வழக்கத்தை மீறினான் நடராசன் என்று சொல்வதானால் சொல். செஞ்சிக்கு மேற்கே, மலை இறங்குகிற இடத்தில்...

இரு. எழுந்து நிற்கிறானே. என்ன சொல்கிறாய்? மைக் இல்லாவிட்டால் என்ன, சத்தமாகச் சொல்.

"குருவிப்பாறை ஓடை. ஒத்தப் புளியமரத்துக்கு வடக்கால இருக்கிற மடுவு. நீ சொல்ல வாணாம், நானே சொல்றேன்."

கேட்டதா சபையோரே? அஞ்சம்மாளும் ஏதோ சொல்கிறார். "கல்யாணம் ஆன நாளா கேட்டுகினு இருக்கிறேன், எனக்குச் சொன்னாரா?" உனக்கும் சேர்த்துத்தான் இன்று சொல்லியிருக்கிறான் தங்கச்சி.

இனி ஆக வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். பிரபாவதி அம்மையார் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களோடு வந்து கல்லைப் புரட்ட வேண்டும். கண்டபின் பதிவைத் திருத்த வேண்டும். தலைவர் அவர்கள் நாளையே உரியவர்களைப் பார்த்து, அதுவரை ஓடையில் கை வைக்காமல் நிறுத்தச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் அவருக்குத் துணையாகப் போக வேண்டும். ஓடையில் துணி துவைக்கும் தாய்மார்கள் சோப்புத் தண்ணீரை மடுவுக்குக் கீழே தள்ளி விட வேண்டும். தூண்டில்காரர்கள் அத்தனை பேரும் மண்புழுவுக்கே திரும்ப வேண்டும். அந்த மடுவின் பக்கம் டப்பாவோடு யாரும் போகக் கூடாது, ஒருவனைத் தவிர. தாண்டவராயன் பழைய டப்பாவைக் கொண்டுவர வேண்டும், அம்மையார் தன் கையால் எடுக்கும் ஒரே ஒரு பூச்சியை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க. நான் வண்டியை ஓட்ட வேண்டும். அவன் நிறுத்தச் சொல்லும் பம்புசெட்டில் எல்லாம் முணுமுணுக்காமல் நிறுத்த வேண்டும்.

கிழவனின் கோபத்தைப் பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.