வாஷர் தின்ற எலி

— இன்னொருக்கா சத்தமா வாசி, ரஞ்சனி. அம்மா காதுலயும் விழட்டும்.

— ரெண்டு கோடியே முப்பது லட்சம், அத்தை!

— என்னடி கோடி, லட்சம்னு? ஞாயித்துக்கெழம அழகுக்கு ரெண்டாந்தாரமா பொண்ணு பாக்க வாரோம்னு இலுப்பூருக்குச் சொல்லியாச்சு. நீங்க ரெண்டு பேரும் புதுக்கோட்டையிலேர்ந்து ஒரு காகிதத்தத் தூக்கிட்டு வந்து குதிக்கிறீங்க.

— அது என் உயிரணுக் கணக்கும்மா. புள்ள உண்டாகுறதுக்கான அணு. நாலு மாசத்துக்கு முந்தி வெறும் நாப்பது லட்சம். அதுலயும் பாதி நகரவே தெம்பில்லாம கெடந்துச்சு.

— ஒன்னோடதாடா அழகு? அப்ப இம்புட்டு நாளா ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சது இவளுக்காக இல்லையா?

— இல்லம்மா. கொறை எங்கிட்டதான். எனக்குச் சொல்ல வெக்கம். நீ இவள மலடின்னு சொன்னப்பகூட இவ வாயத் தொறக்கல.

— ஆத்தாடி! ஆம்பளைக்கு ஏதுடா கொறை? நீ சிங்கமாட்டம்ல இருக்க!

— சிங்கந்தான் அத்தை. ஆனா பதினெட்டு வயசுலேர்ந்து ஊர்க் கொல்லை, வயலுக்கெல்லாம் பூச்சி மருந்து அடிக்குதே. ஸ்பிரேயர் டேங்கு ஒழுகி முதுகுலேர்ந்து கைலி வரைக்கும் நனைஞ்சிரும். மருந்து பீச்சுற நாசில் அடைச்சா வாய வச்சு ஊதுவாரு. கேட்டுட்டு டாக்டரம்மா தலையில கைய வச்சுட்டாங்க.

— மருந்தடிச்சா பூச்சிதானடி சாகும்?

— சில மருந்து, நம்ம ஒடம்புல ஊறுற ஹார்மோனாட்டமே வேசம் போட்டு உள்ள பூந்துருமாம். ஒடம்பும் ஏமாந்துருமாம். உயிரணு வெளையிற எடமே கெட்டுப்போகுமாம். அது ஒண்ணுதான் காரணம்னு உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா புது உயிரணு வெளைஞ்சு வர மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் ஸ்பிரேயரத் தொடாம இருந்து பாருங்கன்னாங்க.

— நான் கேட்டனா? மறுநாளே தோள்ல மாட்டிட்டுக் கெளம்பிட்டேன். அடிக்கிறேன், அடிக்கிறேன், பிரஷரே ஏறல. மெக்கானிக் குணசேகரன் பிரிச்சுப் பாத்துட்டு, "பம்புல இருக்குற ரப்பர் வாஷரக் காணோம்ப்பா, எலி தூக்கிட்டுப் போயிருக்கும்"னான். புதுசு போட்டான். ரெண்டே நாள், அதுவும் போச்சு. மூணாவதும் போச்சு. பொறி வச்சேன், ஒரு சுண்டெலிகூட மாட்டல. வெறுத்துப்போயி சாக்குல கட்டிப் பரண்ல ஏத்திட்டேன். இன்னும் எறக்கல.

— எல்லாம் அய்யனாரு செயல்டா. மண்குதிர எடுக்குறேன்னு நான் நேந்துக்கிட்டது வீண்போகல.

— போம்மா, இது என் ஒடம்பு வாகு! ஒத்த மாத்திர முழுங்கல, தானா ஏறிருச்சு பாரு. போனக் குடு. கொறை என்னோடது, என் பொண்டாட்டி இவ ஒருத்திதான்னு இலுப்பூருக்கு நானே சொல்றேன்.

— இருடா, பேசுனவ நான், நானே சொல்லிக்கிறேன். ரஞ்சனி, இங்கிட்டு வா தாயி. ஆறு வருசமா ஒன்னயப் பேசியே கொன்னுட்டேன். மன்னிச்சிரு. அழுவாத.

— நான் எங்க அத்தை அழுவுறேன்? சிரிக்கிறேன்ல!

— ஆமா, தாலி ஊக்குல என்னடி அது, கருப்பா வளையம் வளையமா?

— இதுவா? சோப்புப் போட்டுக் கழுவி இத்தன நாளா ஒளிச்சு வச்சிருந்தேன். ரிசல்ட்டப் பாத்ததும் பஸ்ஸுலயே கோத்துக்கிட்டேன்.

— ஏய்... ரஞ்சனி... அது வாஷருல்ல?

— மூணும் இருக்கு, எண்ணிக்கங்க. ஒங்க பொறியில மாட்டாத எலி நான்தாங்க.