கடைசிப் பந்து விழும்வரை

கோல்ஃபில் பந்தைத் தூரமாக அடிப்பது உடம்பில் தெம்புள்ள எவனுக்கும் வரும். பக்கத்தில் கிடக்கும் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவதில்தான் ஆளின் தரம் தெரியும். இதை நான் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். எங்கள் முதலாளி சொன்னது. அவர் எதைச் சொன்னாலும் அலுவலகத்தில் அது பழமொழி. முன்பு அவருக்கு மீன் பிடிப்பதில் ஆசை இருந்தது. நாங்கள் அத்தனை பேரும் தூண்டில் வாங்கினோம். இப்போது கோல்ஃப். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் என்னை அவருக்கு ஜோடியாகப் போட்டிருந்தார்கள். கிளை மேலாளர் நாற்காலி வேறு காலியாக இருந்தது.

கூடத்துத் தரைவிரிப்பில் பயிற்சி செய்தேன். டம்ளரைப் படுக்கவைத்தால் அதுதான் குழி. பயிற்சியாளர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். பந்து விழும் சத்தம் கேட்கும்வரை தலையைத் தூக்கக் கூடாது. தவறிய பந்தோடு பயிற்சியை முடிக்கக் கூடாது.

உள்ளறையில் அக்கா படுத்திருப்பாள். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. பெற்றவர்கள் போன பிறகு என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள்தான். அதை நான் எங்கும் மறைத்ததில்லை. அவளுக்கான ஆக்சிஜன் மெஷின் கூடத்தில் இருந்தது. நீளக் குழாய் அறைக்குள் போகும்.

"என்னடா பண்றே அங்க?"

"பந்து உருட்டறேன்க்கா."

"ஆபீஸ்லதான் தலை நிமிர மாட்டே. வீட்லயும் குனிஞ்சே நிக்கணுமா?"

சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிடும்.

வாய் ஜாஸ்தி. அதைப் பொறுத்துக்கொண்டேன். மெஷினின் இரைச்சலைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் பந்தைத் தொடும் நேரம் பார்த்துப் 'புஸ்' என்று பெருமூச்சு விடும், மணிக்கட்டு பிசகும். ஒரே ஒரு பந்துக்கு நிறுத்திப் பார்த்தேன். விழுந்தது. உடனே போட்டுவிட்டேன். போகப்போக ஒரு பந்து ஒரு கூடை நிறையப் பந்துகளாக வளர்ந்தது. மின்சாரம் நின்றால் மெஷின் கீச்சிட்டு ஊரைக் கூட்டும். அதற்கென்று உள்ளே இருந்த சின்ன பேட்டரியைக் கழற்றி வைத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கில்லை.

சனிக்கிழமை மாலை பந்து விழவே இல்லை. விளிம்பைத் தொட்டுத் தொட்டு விலகியது.

"டேய் தம்பி... காத்து வரலடா."

"இதோக்கா. ஒரே ஒரு பந்து."

"போதும்டா... மெஷினைப் போடு."

தவறிய பந்தோடு எப்படி முடிப்பது? கட்டில் சட்டத்தை வளையலால் தட்ட ஆரம்பித்தாள். அதுவும் இடைஞ்சல்தான். ஆனாலும் நான் கோபப்படவில்லை; தலையைத் தூக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது.

அப்படியொரு அமைதி அந்த வீட்டில் இருந்ததே இல்லை. அடுத்த பந்து நூல் பிடித்ததுபோல் போய் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. கை கூடிவந்த நேரம். விட மனசில்லாமல் இன்னும் சில பந்துகள் உருட்டினேன். அப்புறம் போய் சுவிட்சைப் போட்டேன்.

"விளையாட்டு மும்முரத்துல சுவிட்சைப் போட மறந்துட்டீங்கன்னு எழுதிக்கவா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் அப்படி எழுதாதீர்கள், சார். அது அணைந்திருப்பது ஒவ்வொரு பந்திலும் எனக்கு ஞாபகம் இருந்தது. நாளைக்கு இது முதலாளி காதுக்குப் போகும். கவனம் சிதறுகிறவன் என்று மட்டும் என்னைப் பற்றி யாரும் சொல்லிவிடக் கூடாது.